மேற்கு வாசல் இல்லாத கார்

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலில் கிழக்கு வாசல் வழியே நுழைந்தவர்கள் அதே வாசலில் திரும்பக் கூடாது என்பார்கள். வரகுண பாண்டியனைத் துரத்திவந்த பிரம்மஹத்தி அங்கேயே காத்துக் கிடக்கிறதாம்; ராஜா மேற்கு வாசல் வழியாக நழுவிவிட்டார். பழைய ஜப்பான் காரை வாங்கியவனுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே போன வாசலிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், டிங்கரிங்காரர், பெண்டாட்டி என்று மூன்று பேர் நிற்பார்கள்.

என்னுடையது ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 2000-ல் வந்த மாடல், 106 குதிரைத்திறன். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனிடம் வாங்கினேன். நரேன் கார்த்திகேயனின் ஊர், செட்டிபாளையத்தில் ரேஸ் ட்ராக் வைத்திருக்கிற ஊர். அங்கே காரைக் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுவது மரியாதைக் குறைவு போலிருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் எல்லாம் உண்டு. முதல் நாள் தெருவில் நுழைந்ததுமே எதிர்வீட்டுப் பெரியப்பா, "அறுப்பு மெஷின் வந்துடுச்சா?" என்று வெளியே ஓடிவந்தார். பார்த்துவிட்டு, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இந்த இன்ஜினின் விசேஷம் கேம் ஷாஃப்டில் இருக்கிறது. சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கேம், வேகத்துக்கு வேறொன்று. ஆர்பிஎம் ஏறினால் ஆயில் பிரஷர் ஒரு பின்னைத் தள்ளும், ராக்கர் ஆர்ம்கள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வால்வு கூடுதலாகத் திறக்கும், சத்தமே மாறிவிடும். ஆயில் அழுக்கானால் எல்லாம் போச்சு. அதனால் சமையலுக்கு எண்ணெய் வாங்க மறந்தாலும் காருக்கு மறப்பதில்லை. (இது வீட்டில் பிரசித்தம்.) ஆனால் அந்த இரண்டாவது கேம் விழித்துக்கொள்ள நேரான, காலியான ரோடு வேண்டுமே! ஆடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே மினி பஸ், ரயில்வே கேட், திருபுவனத்தில் கல்யாணப் பட்டு எடுக்க வேனோடு வந்திறங்குகிற குடும்பங்கள். ஜப்பானில் 'இனிஷியல் டி' என்றொரு படக்கதை 1995-ல் தொடங்கியது. டோஃபு கடைக்காரர் மகன் கப்பில் இருக்கும் தண்ணீர் சிந்தாமல் மலைப்பாதையில் பழைய டொயோட்டாவை விரட்டுவான். நம்ம பக்கம் மலைக்கு எங்கே போவது? வாய்க்கால் பாலமும் வேகத்தடையும்தான். இறக்கிய கார் அவை ஒவ்வொன்றிலும் வயிறு தேய்த்துத்தான் ஏறி இறங்கியது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனுக்குக் கை தேர்ந்தது அறுப்பு மெஷினில்தான். சம்பா அறுப்பு நேரத்தில் குபோட்டா பெல்ட் வண்டி ஒன்று பட்டறைக்கு வந்துவிட்டால் என் கார் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். "அதுவும் ஜப்பான்தானே தம்பி, அது நின்னா வயல்ல நெல்லு உதிரும். இது நின்னா என்ன உதிரும்?" என்பார். ஆனால் இன்ஜின் பேர் டி15பி என்றதும் அவருக்கு ஒரு பிடிப்பு வந்தது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று நம்பர் சொல்லியே நெல்லைப் பழகிய ஊர் இது. "43-க்கு 110 நாள். இதுக்கு?" என்றார். டைமிங் பெல்ட் மாற்றுகிற கணக்கைச் சொன்னேன், சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.

உலகமெல்லாம் காரை இறக்குகிறார்கள், அவர் ஏற்றினார். புதுப்பேட்டையிலிருந்து வந்த முழு ஸ்பிரிங், அதன் இடுக்கில் ரப்பர் பஃபர். சைலன்சரையும் ஒரிஜினலுக்கு மாற்றச் சொன்னார். வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பெரியப்பாவின் உடல்நிலையையும் யோசிக்க வேண்டியிருந்தது.

பங்குனியில் காருக்கு வேறு வேலை வந்தது. சம்பா தாளில் விதைத்த உளுந்தைப் பிடுங்கி, செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிதான் போரடிக்கும். நெல்லையோ வைக்கோலையோ கண்டால் சுற்றிப் போகலாம். உளுந்தில் ஏறாமல் போனால்தான் திட்டு விழும். காய்ந்த சருகு சூடான சைலன்சரில் சிக்கிப் பற்றிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். யானையை விட்டுப் போரடித்த சீமை என்று பீற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். 106 குதிரையை, முதல் கியரில், மாட்டு நடையில் விட்டேன். சடசடவென்று நெற்று வெடித்தது. முறத்தோடு நின்ற ஓர் அம்மா டயரைக் குனிந்து பார்த்தார்.

"அகலமான டயரு. நல்லா மிதிக்குது. தம்பி, அப்படியே ரிவர்ஸ்ல ஒரு தடவ வந்துடுங்க."