பழம் தின்று கொட்டை போட்டவர்: ஒரு சொல்லாய்வு

ஒரு தொழிலில் நெடுங்காலம் ஊறி, அதன் நெளிவு சுளிவெல்லாம் அறிந்தவரைப் ‘பழம் தின்று கொட்டை போட்டவர்’ என்பது தமிழ் வழக்கு. பேச்சில் ‘தின்னு’ என்றே வரும். அனுபவசாலி, கைதேர்ந்தவர், கரைகண்டவர் ஆகியவை இதற்கு அக்கம்பக்கத்துச் சொற்கள், ஆனால் ஈடாகா. ‘கரைகண்டவர்’ வெறும் மரியாதை. இதிலோ மரியாதையோடு ‘பார்த்து நடந்துகொள்’ என்ற எச்சரிக்கையும் ஒட்டியிருக்கிறது. நாளிதழ் விளம்பரங்கள் ‘முன் அனுபவம் உள்ளவர்’ தேவை என்பதோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான் போலும். கொட்டை போட்டவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அங்கே என்ன வேலை?

‘போட்டவர்’ இறந்தகால வினையாலணையும் பெயர். இவ்வகைப் பெயர் முக்காலமும் காட்டும் என்றாலும், இங்கே மற்ற இரண்டும் செல்லா. ‘கொட்டை போடுகிறவர்’ என்றால் எதிரே ஒருவர் மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறார் என்றே பொருள். குப்பைக்கூடையை அவர் பக்கம் நகர்த்தலாம்.

எந்தப் பழம் என்பதுதான் பெருஞ்சிக்கல். கடையில் விற்கும் வாழைக்குக் கொட்டையே இல்லை. பலாவுக்கு உண்டு, ஆனால் அதை யாரும் போடுவதில்லை, கழுவிக் காயவைத்துக் குழம்புக்கு எடுத்துவைப்பார்கள். வேப்பம்பழத்தைத் தின்று கொட்டை போடுவது காக்கை. அதற்கு இந்தப் பட்டத்தை எவரும் தரவில்லை. மாம்பழம் பொருந்தும், ஆனால் ஐந்து வயதுக் குழந்தையும் அதைச் செய்துவிடும். எஞ்சுவது பனை. பனம்பழத்தைச் சுட்டுத் தின்று, கொட்டையை மண்ணில் புதைத்து, தை பிறக்கும்போது கிழங்கு பறிக்கலாம்; மரமாகிக் காய்க்க வேண்டுமென்றால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ‘போட்டவர்’ என்பதற்கு ‘விதைத்தவர்’ என்று பொருள் கொண்டால் பனையே முந்துகிறது. வழக்கில் அப்படி யாரும் பொருள் கொள்வதில்லை என்பது இக்கொள்கையின் ஒரே குறை.

சொல்லின் முழுப் பொருளைப் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் காணலாம். இளைஞர் கணினியில் மும்முறை சரிபார்த்த கிரயப்பத்திரம். முதிய பத்திர எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நேரே நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் விரல் வைக்கிறார்: “கிழக்கே வண்டிப்பாதைன்னு போட்டிருக்கியே தம்பி, மூலப்பத்திரத்துல வாய்க்கால்ல இருக்கு?” டீ வாங்கி வந்தவர் இளைஞரின் காதில் சொல்கிறார்: “அவரு இதுல பழம் தின்னு கொட்டை போட்டவரு. அவர்கிட்டயேவா?” இங்கே ‘இதுல’ இன்றியமையாதது. துறை சுட்டாமல் பட்டம் தருவது அரிது.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஒருமை மறைந்து ‘நாங்கல்லாம்’ என்று பன்மை வரும். அப்படித் தாமே அறிவித்துக்கொள்பவர் பெரும்பாலும் பழம் பார்த்தவர், தின்றவர் அல்லர்.

இதன் எதிர்ச்சொல் ‘நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்’. காளானுக்குப் பழமும் இல்லை, கொட்டையும் இல்லை. தாவரவியல்படி இந்த எதிர்ச்சொல்லில் பிழை காண முடியாது.