இசைத்தட்டில் பேர் இல்லாத வாத்தியார்

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் செட் கட்டினால் டி.ஆர். மகாலிங்கம் பாடிய 'ஸ்ரீ வள்ளி' பாட்டு கட்டாயம் ஒலிக்கும். அதை எழுதியது யார்? (மணப்பட்டு)

பதில்: வேடனாக வந்த முருகன் வள்ளியிடம் மானைப் பற்றி விசாரிக்கும் பாட்டைத்தானே சொல்கிறீர்கள்? சங்கரதாஸ் சுவாமிகள் கட்டியது. படம் வந்தது 1945-ல். சுவாமிகள் காலமானது 1922-ல். சினிமாவுக்காக எழுதிய பாட்டே அல்ல. அவருடைய 'வள்ளி திருமணம்' நாடகத்தில் மேடை மேடையாக முழங்கியதைத்தான் படத்தில் எடுத்துப் பாடினார்கள். எழுதியவர் மறைந்து 23 ஆண்டு கழித்தும் ஒரு பாட்டு புதுப் படத்தைத் தூக்கி நிறுத்தியது என்றால் அதைக் கட்டிய கை எப்பேர்ப்பட்டது!

கேள்வி: அவர் தூத்துக்குடிக்காரர் ஆயிற்றே, நமக்கு என்ன உறவு? (பாகூர்)

பதில்: பிறந்த மண் அது, சேர்ந்த மண் இது. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922 நவம்பர் 13 அன்று நம் புதுச்சேரியில் உயிர் விட்டார். சிறுவர்களை நடிக்க வைத்த அவருடைய பையன்கள் கம்பெனி அப்போது இங்கே நாடகம் போட வந்திருந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். பாரதியின் குயில் தோப்பும் அந்த ஊரில்தான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 13-ல் நாடகக் கலைஞர்கள் சமாதிக்கு வந்து மாலை போட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான்.

கேள்வி: சுவாமிகள் பாடிய இசைத்தட்டு கிடைக்குமா? (வில்லியனூர்)

பதில்: நம்மிடம் இருப்பதெல்லாம் அடுத்தவர் குரலில் அவர் பாட்டு. மைக் வைத்துத் தட்டு பதிவு செய்யும் முறை 1925-க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் பெரிய புனலுக்குள் வாயை வைத்து உரக்கப் பாட வேண்டும். சுவாமிகளின் காலம் முழுவதும் அந்தப் புனல் காலம். போதாததற்குக் கடைசி நாட்களில் பக்கவாதம் அவர் பேச்சையே பறித்துவிட்டது. எமனாகவும் சனீசுவரனாகவும் இரணியனாகவும் மேடையை அதிர வைத்த குரல் அது. அதை இழந்தது தமிழுக்குப் பெரிய நஷ்டம்.

கேள்வி: அப்படியானால் பாட்டைக் காப்பாற்றியது யார்? (கிருமாம்பாக்கம்)

பதில்: பாடினவர்கள். முதலில் எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பா 1933-ல் 27 வயதில் போய்விட்டார். ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவரை நாம் இன்றைக்குக் கேட்பது இசைத்தட்டால் மட்டுமே.

கேள்வி: விடிய விடிய நடந்த நாடகம் தட்டில் மூன்றே நிமிஷமாகச் சுருங்கியது எப்படி? (மணப்பட்டு)

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் இன்னும் சில விநாடி. மேடையில் நடப்பது வேறு. விருத்தம் எடுத்து, ராகம் இழுத்து, ஹார்மோனியக்காரரோடு போட்டி போட்டு, ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடியும் பாடி, ஒரே பாட்டில் அரை மணி நேரத்தைக் கரைப்பார்கள். தட்டில் அதற்கெல்லாம் இடமில்லை. விருத்தம் போயிற்று, பாட்டிலேயே வாதாடும் தர்க்கம் போயிற்று. பல்லவியும் சரணமும் மிஞ்சின. முழுக்கதை வேண்டும் என்று கேட்டவர்களுக்காகப் பல தட்டுகளை அடுக்கி 'நாடக செட்' விற்றார்கள். வள்ளி கதை, கோவலன் கதை, பவளக்கொடி எல்லாம் இப்படி வீட்டுக்குள் வந்தவைதான்.

இதில் லாபமும் உண்டு. நாடகக் கொட்டகையையே பார்க்காத ஊருக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது. நஷ்டம் என்னவென்றால், தட்டில் எந்த மெட்டு ஏறியதோ அதுதான் சரியான மெட்டு என்று ஆகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் வாத்தியாரை விட்டுத் தட்டைப் பார்த்துப் பாடம் செய்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள், புலவர் தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டவர். சந்தமும் வண்ணமும் அவருக்குக் கைவந்தவை. அவர் எழுத்தில் மேடையில் விரித்துப் பாட எத்தனையோ வழிகள் இருந்தன. தட்டு அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து வைத்தது. அந்த ஒன்றாவது கிடைத்ததே என்று நான் சந்தோஷப்படுகிறேன்.

கேள்வி: தட்டில் அவர் பெயர் போட்டிருக்குமா?

பதில்: பாடியவர் பெயர் பெரிதாக இருக்கும். ராகம், தாளம், நாடகத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயரைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். அந்த வழக்கம் தவறு, பெரிய தவறு. நாடகக் கம்பெனிகளில் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்து, பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரை 'வாத்தியார்' என்றுதான் அழைப்பார்கள். அந்த மரியாதையைத் தட்டு விற்றவர்கள் காட்டவில்லை.

கேள்வி: பாரதி பாட்டுக்கு மட்டும் உரிமைச் சண்டை நடந்ததே, ஏன்? (வில்லியனூர்)

பதில்: பாரதி பாட்டை அச்சிலும் படத்திலும் விலைபேச முடிந்தது. இசைத்தட்டு, சினிமா உரிமை பட அதிபர் ஏவி. மெய்யப்பன் கையில் இருந்தது; 1949-ல் அரசு அதை எடுத்துக்கொண்டு, பிறகு பொதுவாக்கியது. சுவாமிகளின் பாட்டோ அதற்கு வெகு முன்பே மேடையில் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று ஆகிவிட்டது. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு போனால் உரிமை முடிந்தது. இன்று நீங்கள் தாராளமாகப் பாடலாம், அச்சடிக்கலாம். பெயரைச் சொல்வது மட்டும் பாக்கி.

கேள்வி: ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் எழுதினாராமே?

பதில்: 'அபிமன்யு சுந்தரி'. சொன்னவர் டி.கே. சண்முகம். 1918-ல் சிறுவனாக சுவாமிகளின் கம்பெனியில் சேர்ந்து, கூடவே இருந்தவர்.

கேள்வி: பாரதிதாசன் சினிமாவுக்குப் பாட்டு எழுதினாரா?

பதில்: எழுதினார். 1937-ல் 'பாலாமணி அல்லது பக்காத் திருடன்'.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டுகள் கிடக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (மணப்பட்டு)

பதில்: வேண்டவே வேண்டாம்! அந்தத் தட்டு அரக்குக் கலவை. ஸ்பிரிட் பட்டால் கரையும், பாட்டும் போகும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். கடலோர ஊர், ஈரக்காற்று. வெயிலும் ஆகாது, கூரைச் சூடும் ஆகாது, பரணை விட்டு இறக்குங்கள். பழைய கிராமபோனில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைத் தேய்க்கும். முதல் வேலையாகத் தட்டில் ஒட்டிய காகிதத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். எண்ணும் கம்பெனிப் பெயரும் தெரிய வேண்டும். காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கேள்வி: எங்களைப் போன்ற கிராமத்து ஆட்கள் அவருக்கு என்ன செய்துவிட முடியும்? (மணப்பட்டு)

பதில்: மைக் உங்கள் கையில் இருக்கிறதே! அடுத்த திருவிழாவில் அந்தப் பாட்டைப் போடுவதற்கு முன்னால், "பாட்டு: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள், கருவடிக்குப்பத்தில் அடங்கியவர்" என்று ஒரு வரி அறிவியுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நவம்பர் 13 அன்று கடலூர் சாலை வழியே பஸ் ஏற்றி, நகரத்தைத் தாண்டிக் கருவடிக்குப்பத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே நாடகக்காரர்கள் பாடுவார்கள். பிள்ளைகளும் கூடச் சேர்ந்து பாடட்டும்.