சங்கிலியைக் கழற்றாதீர்கள்!

கே: தனிநபர் கடனுக்கு மாதம் 3,000 ரூபாய் கட்டினால் போதும் என்று வங்கியிடம் எழுதி வாங்கி, தவறாமல் கட்டுகிறேன். வசூல் ஏஜென்ட் ஒருவர் 5,000 கட்டச் சொல்லி தினமும் போன் செய்கிறார். “கழுத்துல செயின் இருக்குல்ல?” என்கிறார். என்ன செய்ய?
- வாசகி, திண்டுக்கல்

ப: செயினைக் கழற்றாதீர்கள் அம்மா, போனில் “சரிங்க” என்று சொல்லும் பழக்கத்தைக் கழற்றுங்கள். வசூலுக்கேற்ப கமிஷன் வாங்குபவர்கள் இந்த ஏஜென்ட்களில் பலர். அவசரம் அவருடையது, ஒப்பந்தம் உங்களுடையது. “எழுத்தில் அனுப்புங்கள்” என்ற ஒரே வரி போதும். பயந்துபோய் 5,000 என்று ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால், இதுவரை ஒழுங்காகக் கட்டிய பெயரும் போய்விடும்.

இன்றிரவே ஒரு நோட்டில் சம்பளம், வாடகை, பால், கேஸ், பிள்ளையின் ஃபீஸ் எல்லாம் எழுதுங்கள். மிச்சம் 3,200 என்றால், அந்தப் பக்கத்தையே போட்டோ எடுத்து வங்கிக்கு அனுப்புங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வரும்? தவணை குறைந்தால் கடன் அடைய நாளாகும், வட்டியும் கூடும். அதை மறக்க வேண்டாம்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மிரட்டுவதும், உறவினர்களிடம் சொல்லி மானத்தை வாங்குவதும் கூடவே கூடாது. அழைப்பு வந்த தேதி, நேரத்தைக் குறித்துவைத்து வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விவரம் கேட்க 14448. பணத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல், நேராகக் கடன் கணக்கிலேயே கட்டுங்கள்.