கட்டுப்பாடு யாருக்காக?

கேள்வி: அரசின் கட்டுப்பாடுகள் கடைசியில் முதலாளிகளுக்கே உதவுகின்றன என்கிறார்களே, அப்படியானால் மக்கள்நல அரசு வெறும் பேச்சா?

பதில்: 1971-இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் அப்படித்தான் வாதிட்டார். அதில் உண்மை உண்டு. உரிமங்கள் பழைய நிறுவனங்களுக்கு வேலியாகிவிடுவதைப் பார்க்கிறோம். ஆனால் பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டத்தையும் பாருங்கள். பட்டாலை நீங்கலாக, நெசவாலைகளில் 9 வயது நிரம்பாத பிள்ளைக்கு வேலை கூடாது. 13-க்குள் இருப்பவருக்குத் தினமும் 2 மணி நேரம் படிப்பு. சிறிய போட்டியாளர்களை நசுக்கப் பெரிய ஆலைக்காரர்களுக்கு இது வசதிதானே என்பீர்கள். இருக்கட்டுமே! அவர்கள் கணக்கு எதுவானாலும், கல்வி என்ற நலத்திட்டம் அந்தக் கட்டுப்பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆலைக்குள் நுழைந்தது. குறை வேறிடத்தில்: அன்று நாடு முழுமைக்கும் 4 ஆய்வாளர்களே. ஆகவே சட்டத்தை எடுக்கச் சொல்லாதீர்கள், ஆய்வாளர்களைக் கூட்டச் சொல்லுங்கள்.