கறுத்த எண்ணெயும் ஞானதிருஷ்டியும்

ஏற்காட்டு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், பிக்கப் வண்டியின் ஆயில் ஸ்டிக்கை உருவி, ஒரு துளியைக் கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து, "கறுத்துப் போச்சுங்க, மாத்திப்போடுங்க" என்று தீர்ப்பளிக்கும் மெக்கானிக்கின் ஞானதிருஷ்டியை, 1940களிலேயே அமெரிக்க ரயில்வேக்காரர்கள் எஞ்சின் எண்ணெயைப் பரிசோதனைச்சாலையில் ஆராயும் ரசாயன சாஸ்திரத்தைக் கொண்டு அவமதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரும்பு மிகுந்தால் தேய்மானம், சிலிக்கான் மிகுந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரைத் தாண்டிய புழுதி என்று பத்து லட்சத்தில் இத்தனை பங்கெனக் கணக்குச் சொல்கிற அந்தப் பரிசோதனைச்சாலை, டீசல் எஞ்சினில் கறுப்பு மட்டுமே குற்றமல்ல, கரியைச் சுமப்பது எண்ணெயின் கடமை என்றும் வாதாடுகிறது. நம்மவர் ஆசையாய் வாங்கும் 15டபிள்யூ-40 கிரேடு எண்ணெயின் பெயரில் முன்பாதியோ, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் எஞ்சின் சுழலுமா என்று பார்த்த சோதனையின் பிரசாதம்; சித்திரையில் தார் இளகும் சேலத்துக்கு அத்தியாவசியமான தற்காப்புத்தான்! டப்பாவின் வர்ணத்தில் மயங்காமல் வண்டிக் கையேட்டில் கண்ட கிரேடையே வாங்குங்கள். ஏர் ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.