முதல்ல ஜன்னலைச் சாத்து, மாப்ள!

வா மாப்ள. துபாய்க் காசுல மன்னார்குடியில வீடு கட்டி, ஹாலுக்கு ஆறு ஜன்னல் வச்சு, சுவரெல்லாம் பால்வெள்ளை அடிச்சு, இப்ப அதே ஹால்ல ஹோம் தியேட்டராமே? பேஷ்! பட்டப்பகல்ல படம் காட்டுற துணிச்சல் டூரிங் டாக்கீஸ்காரனுக்கே வந்ததில்ல. கொட்டகைக்குள்ள வெளிச்சம் பூந்துடும்னு, பொழுது சாய்ஞ்சப்புறம்தான் முதல் ஆட்டம் போடுவான். திருச்சி ரயில்வேயில வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட மெஷினை வாங்கி, ஊர் ஊராக் கூடாரம் அடிச்சாரே, அந்தக் காலத்துலேர்ந்து சினிமாவுக்கு முதல் மூலதனம் இருட்டுதான்.

புரொஜெக்டர் வாங்கப் போனா கடைக்காரன் மூணு வகைப் பேரு சொல்வான். டி.எல்.பி.ன்னா சின்னச் சில்லுல லட்சக்கணக்கான பொடிக் கண்ணாடி. படம் துல்லியமாத்தான் இருக்கும். ஆனா வீட்டு மாடல்ல சில்லு ஒண்ணுதான். சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொண்ணாத்தான் அடிக்கும். கண்ணைச் சட்டுனு திருப்புனா சிலருக்கு வெள்ளை எழுத்தோரம் வானவில் தெரியும். உன் வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போய்க் காட்டிடு. அவ கண்ணுக்கு வானவில் தெரிஞ்சா தினம் ரெண்டு படம் ஓடும்.

மூணு எல்.சி.டி.ன்னு எப்சன்காரன் விக்கிறதுல நிறத்துக்கு ஒரு பலகை. மூணு நிறமும் ஒண்ணா வரும், வானவில் வராது. மலிவு மாடல்ல கருப்பு மட்டும் சாம்பலாத் தெரியும். ஃபில்டரையும் துடைக்கணும், தை மாசம் அறுவடை மெஷின் கிளப்புற தூசிக்கு உன் வீட்டு வாசல் தெரியாதா?

மூணாவது எல்காஸ். ஜே.வி.சி. அதை டி-ஐ.எல்.ஏ.ம்பான், சோனி எஸ்.எக்ஸ்.ஆர்.டி.ம்பான். கருப்புன்னா அதுலதான் கருப்பு. விலை பல லட்சம். வாங்கு, வாங்கு! குறுவையும் சம்பாவும் வேற எதுக்கு விளையுது?

4கே-ன்னு அட்டையில போட்டிருந்தா உடனே கையெடுத்துக் கும்பிடாத. பல டி.எல்.பி. பெட்டியில 20 லட்சத்துச் சொச்சம் கண்ணாடிதான் இருக்கும். அதையே நாலு இடத்துக்கு நகர்த்தி 83 லட்சம் புள்ளின்னு கணக்கு காட்டுவான். நடவுக்கு வந்த ஒரே ஆளை நாலு வரப்புல மாத்தி மாத்தி நிறுத்தி, நாலு ஆள் கூலி கேக்குற கதை. இருந்தாலும் நடவு ஒழுங்காத்தான் இருக்கும், பாவம்.

லேசர் விளக்கு 20,000 மணி நேரம்ங்கிறான். தினம் 3 மணி நேரம் பார்த்தா 18 வருஷம். அதுவரைக்கும் நம்ம ஊரு வோல்டேஜ் விட்டு வைக்கணும்.

இப்ப ரகசியம் கேளு. எந்தக் கம்பெனிக்காரனாலயும் கருப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கருப்பு. திரையில பட்ட வெளிச்சத்தை உன் பால்வெள்ளைச் சுவர் வாங்கி மறுபடி திரைமேலயே அடிச்சா, லட்சம் கொடுத்ததும் சாம்பல், ஆயிரம் கொடுத்ததும் சாம்பல். முதல்ல ஜன்னலுக்குக் கனத்த துணி, திரைப்பக்கச் சுவருக்கும் மேத்தளத்துக்கும் மங்கின கருஞ்சாயம். மிச்சக் காசுக்கு மெஷின்.

வாங்கினதும் பளபளன்னு கலர்ப்படம் போட்டு ஏமாறாத. 1954-ல வந்த 'அந்த நாள்' போடு. கருப்பு வெள்ளை, பூரா நிழல். பாட்டே கிடையாது, நடுவுல வெத்தலை போட எழுந்திருக்கவும் முடியாது. இருட்டு சாம்பலாத் தெரிஞ்சா ஜப்பான்காரனைத் திட்டாத மாப்ள. பூஜை ரூம்ல எரியற டியூப்லைட்டை யாராவது அணைச்சாங்களான்னு பாரு.