மைக்செட் சக்கரவர்த்தி

கோயில் உற்சவத்தில் கச்சேரி என்று நிச்சயமானவுடன் வித்வானுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே தர்மகர்த்தாக்கள் யாருக்கு முன்பணம் கொடுக்கிறார்களோ, சுவாமி புறப்பாட்டைக் காட்டிலும் யாருடைய வண்டியை ஊர்ப் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்களோ, 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' என்னும் யாருடைய மூலமந்திரம் ஏரிக்கரை வரையில் வியாபிக்கிறதோ, அந்த மகானுபாவரே எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்து மைக்செட்காரர். ஆடி மாதத்து அம்மன் பாட்டு, கல்யாணம், காதுகுத்து, தேர்தல் கூட்டம் ஆகிய சகலத்தையும் சமபாவத்தோடு நோக்கும் அவருடைய சித்தாந்தம் ஒன்றே: அடுத்த ஊருக்குக் கேட்காத சங்கீதம் சங்கீதமே அன்று.

அவருடைய பூரண சொரூபம் வெளிப்படுவது வீணைக் கச்சேரியில்தான். பலாமரக் குடத்தில் பிறக்கும் வீணையின் நாதம் சுபாவத்தில் அடக்கமானது. எதிரே மைக்கை நிறுத்தி ஒலியைக் கூட்டினாலோ, ஸ்பீக்கரில் வந்த சத்தமே மறுபடி மைக்கினுள் புகுந்து ஊளையிடும். ஆகவே வைணிகர்கள் குதிரைக்கு அருகில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை நாடுகிறார்கள். அழுத்தத்துக்கு உள்ளாகும் சில படிகங்களில் மின்சாரம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்ததன் பலன் அது. ஆனால் அந்தச் சிறு மின்சாரத்தைத் தக்கதொரு பிரீ-ஆம்ப் ஏந்திக்கொள்ளாவிட்டால், கீழ் ஸ்தாயி கரைந்துபோய்த் தகர ஓசையே மிஞ்சும். காந்தத்தின்மேல் கம்பி சுற்றிய பிக்கப்பை வைத்தாலோ, அது எஃகுத் தந்திகளுக்கு மாத்திரம் செவிசாய்த்து, பித்தளையாலான மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் அலட்சியம் செய்துவிடும். நம்மவரிடம் இவ்விரண்டு வியாதிக்கும் ஒரே ஔஷதம் உண்டு: பாஸ் முழுவதும், எக்கோ பாதி.

"ஐயா, அந்த எக்கோவைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன். கமகமெல்லாம் கொழகொழன்னு கேக்குது" என்று வித்வான் இறைஞ்சுவார்.

"எக்கோ எடுத்துட்டா எஃபெக்டே இருக்காது சாமி. மீட்டிங்குக்கு இதையேதான் வெச்சேன், தலைவரே பாராட்டினாரு!"

ஒரு சமயம், கோட்டுவாத்தியத்தைப் போலத் தந்திமேல் கட்டையை நகர்த்தி வாசிக்கும் ரெசனேட்டர் கிட்டார் ஒன்றோடு பட்டணத்து இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பாண்டு வாத்தியங்களின் நடுவே கிட்டாரின் குரல் எடுபடாமற்போன காலத்தில், அமெரிக்காவில் ஜான் டோபியேரா என்பவர் உள்ளே அலுமினியக் கூம்புகளைப் பொருத்தி உருவாக்க, 1927-இல் விற்பனைக்கு வந்த கருவி அது. மைக்கின் தயவின்றி முழங்கவேண்டுமென்று பிறந்த அந்த வாத்தியத்துக்கே இன்று பிக்கப் தேடவேண்டியிருக்கிறது. காந்தப் பிக்கப் தந்தியைக் கேட்கும், கூம்பைக் கேட்காது. கான்டாக்ட் மைக் கூம்பைக் கேட்கும், ஆனால் ஊளைக்கும் வழி திறந்துவிடும். இரண்டையும் கலந்து வாசிப்பவர்கள் உண்டு என்றெல்லாம் அந்த இளைஞர் விஸ்தாரமாக விளக்கினார். சாவதானமாகக் கேட்டுக்கொண்டிருந்த நம்மவர் கிட்டாரின் உலோக மூடியை விரலால் தட்டிப்பார்த்து, "உள்ளாறவே ஸ்பீக்கர் கூம்பு வெச்சிருக்காங்களே தம்பி, இதுக்கு நான் எதுக்கு?" என்றார். அவர் ஆயுளில் வெளியிட்ட அபிப்பிராயங்களுள் பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றிலும் உடன்பட்டது இதுவே. ஆயினும் பழக்கதோஷத்தால் எக்கோவைப் பாதி திருப்பிவிட்டே நகர்ந்தார்.

எங்கள் ஊர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921-இல் பொறித்த கல்வெட்டு, வாரிய உறுப்பினராகக் குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முன்பு கணக்குக் காட்டத் தவறியவராய் இருக்கலாகாது என்று நுணுக்கமாக வகுத்துரைக்கிறது. ஒலிபெருக்கிக்கு யோக்யதாம்சம் கூறும் வாசகம் மாத்திரம் அதில் இல்லை. எனவே தர்மகர்த்தாக்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த உற்சவத்தில் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வித்வானையும் மைக்செட்காரரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒலியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அது முடிந்ததும் அந்த எக்கோக் குமிழைப் பிடுங்கி, மங்களம் பாடும் வரையில் உங்கள் மடியில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.